மருந்துக் கடையில் எதை நம்பி வாங்குகிறோம்?

அரிசி வாங்குங்கால் கையில் அள்ளிப் பார்க்கிறோம். வலைக்கு நூல் வாங்குங்கால் இழுத்துப் பார்க்கிறோம். மருந்தை அவ்விதம் சோதித்து வாங்க இயலாது. மாத்திரையின் குணம் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவதன்று. ஆகவே வாங்குவோர் வேறு சில விஷயங்களைக் கொண்டே தீர்மானிக்கின்றனர். அவை யாவை, அவற்றுள் நம்பத்தக்கது எது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, கையிலுள்ள ரொக்கம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வருமானம் நாள்தோறும் ஒரே அளவாய் வருவதில்லை. பாடு கிடைத்த நாளில் இறால் உண்டு. கிடைக்காத நாளில் கைச்செலவுக்கே முடை. ஆதலால் வைத்தியர் ஐந்து நாளைக்கு எழுதிய மருந்தை இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கி, ஜுரம் தணிந்ததும் நிறுத்திவிடும்படி நேருகிறது. இதனால் நோய் திரும்பக்கூடும். ஆன்டிபயாடிக் மருந்துகளை முறையின்றி உண்பதால், நாளடைவில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். அப்பால் அம்மருந்து வேண்டிய சமயத்தில் உதவாது.

இரண்டாவது, கடன். கடனுக்குக் கொடுப்பவரிடத்தில் இன்ன மருந்துதான் வேண்டுமென்று வற்புறுத்த நா எழாது. அவர் எடுத்துத் தருவதே மருந்து, அவர் சொல்வதே விலை என்றாகிவிடும்.

மூன்றாவது, விற்பவர் சொல். பொன்னேரி சென்று வைத்தியரைக் காண ஒரு நாள் தொழில் கெடும் என்றெண்ணி, வியாதியைக் கடையில் சொல்லியே மருந்து கேட்போர் பலர். 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் கீழ் 1945இல் ஏற்பட்ட விதிகளின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையிலேயே சீட்டு மருந்துகளை வழங்க வேண்டும். 2014 முதல், குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் பாதுகாக்கவும் வேண்டும். இவ்விதிகள் நம்மைத் தொந்தரவு செய்வதற்கல்ல. நம் உயிரைக் காப்பதற்கே.

நான்காவது, விலையைப் பற்றிய எண்ணம். விலை உயர்ந்ததே உயர்ந்த மருந்து என்பது உலகெங்குமுள்ள மயக்கம். அமெரிக்காவில் 82 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஒரு பரீட்சை செய்தனர். அதன் முடிவு 2008இல் வெளியாயிற்று. மாத்திரையின் விலை இரண்டரை டாலர் என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் வலி குறைந்ததென்றனர். விலை பத்து சென்ட் என்று சொல்லப்பட்டவர்களில் 61 பேரே அவ்விதம் கூறினர். மாத்திரை ஒன்றே, மனம் மட்டுமே வேறு.

நம்பத்தக்க அடையாளம் யாதெனில், அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பொதுப் பெயரும், அதன் அளவும், காலாவதித் தேதியுமாம். பாராசிட்டமால் எந்தக் கம்பெனியின் பெயரில் வந்தாலும் பாராசிட்டமாலே. தமிழ்நாடு அரசாங்கம் 24-2-2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில், பொதுப் பெயர் மருந்துகள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை நடத்துவோரில் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. வழக்கமாய் உண்ணும் மருந்தை மாற்றுமுன் மட்டும் வைத்தியரையோ மருந்தாளுநரையோ கேட்டறிய வேண்டும்.

அங்கத்தினர்கள் அனுசரிக்க வேண்டியவை நான்கு. வைத்தியர் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடு கிடைத்த நாளில் ஒரு சிறு தொகையை மருந்துச் செலவுக்கென்று சேமித்து வையுங்கள். கடன் நீங்கினால் கேட்கும் தைரியம் தானே வரும்.

மருந்துக் கடை நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவு ஒன்றே ஜனங்களை அழைத்துவராது. வலைக்குப் போய்த் திரும்புவோருக்கு ஏற்ற வேளையில் கடை திறந்திருக்க வேண்டும். கேட்ட மருந்து இருக்க வேண்டும். உண்ணும் முறையைப் பொறுமையுடன் சொல்ல வேண்டும். நம் திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் 1904இல் கூட்டுறவு கடன் சங்கம் தோன்றியது, லேவாதேவிக்காரரின் பிடியிலிருந்து குடியானவரை மீட்பதற்கே. அன்று கடனில் காட்டிய ஒற்றுமையை இன்று மருந்திலும் காட்டுவோமாயின், குப்பத்துக் குடும்பங்களின் பணமும் தேகசுகமும் ஒருங்கே காக்கப்படும்.