யுத்தத்தில் அன்னமும் அநுமதியும்

ஆயுதம் ஏந்திய பகைவனை யுத்தகளத்தில் கொல்லலாம். அவன் ஊரிலுள்ள கைப்பிள்ளையையும் கர்ப்பிணியையும் பட்டினி போட்டுக் கொல்லலாமா? கூடாது என்றுதான் இன்று எந்தச் சர்க்காரும் சொல்லும். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பால் கொண்டுபோகும் கப்பலை மறிக்கலாமா என்று கேட்டால், உடனே சட்டப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குகிறார்கள். நாமும் அதைச் சிறிது புரட்டுவோம். சட்டம் எதைக் கொடுக்கிறது என்பதைக் காட்டிலும், "ஆயினும்" என்று தொடங்கும் வாக்கியம் எதைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது என்பதே வக்கீல் தொழிலில் பழகிய கண்ணுக்கு முதலில் தென்படும்.

பழைய விதியில் ஒளிவுமறைவில்லை. 1863-ல், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது லிங்கன் சர்க்கார் தன் படைகளுக்கு வெளியிட்ட லைபர் விதிகளில், ஆயுதமுள்ள பகைவனையும் ஆயுதமில்லாத பகைவனையும் பட்டினி போடுவது நியாயமே என்று 17-ஆம் விதி கூறிற்று. 85 வருஷங்கள் கழித்தும் நிலைமை அதிகம் மாறவில்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் மடிந்த லெனின்கிராட் முற்றுகையைத் தொடங்கிய ஜெர்மன் தளபதி வான் லீப், 1948-ல் நூரம்பர்கில் அமெரிக்க நீதிபதிகளின் முன் நிறுத்தப்பட்டார். முற்றுகையிட்ட நகரத்துக்கு உணவு போகாமல் தடுப்பது சட்டவிரோதமன்று, சட்டம் வேறுவிதமாக இருக்கலாகாதா என்று எங்களுக்கும் தோன்றுகிறது, ஆயினும் உள்ள சட்டத்தைத்தான் அமல் செய்ய முடியும் என்ற கருத்துப்பட நீதிபதிகள் எழுதி, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். நீதிபதிகளை நாம் குறை கூறவில்லை. அவர்கள் கையில் இருந்த சட்டம் அவ்வளவே.

மறு வருஷம், 1949 ஆகஸ்டு 12-ல் கையெழுத்தான நான்காவது ஜெனிவா உடன்படிக்கை இதைத் திருத்த முயன்றது. அதன் 23-ஆம் ஷரத்துப்படி, பகைநாட்டுச் சாதாரணப் பிரஜைகளுக்கான மருந்துகளை எவரும் தடுக்கலாகாது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார் ஆகியோருக்கு அத்தியாவசியமான உணவையும் உடையையும் அநுமதிக்க வேண்டும். பிறகு வருகிறது "ஆயினும்." அந்தப் பண்டங்கள் வழியில் திசை திருப்பப்படலாம், மேற்பார்வை பலிக்காது, பகைவனுக்கு யுத்தத்தில் நிச்சயமான அநுகூலம் ஏற்படும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் அநுமதிக்க வேண்டியதில்லை. அஞ்சுகிறவன் யார்? முற்றுகையிட்டவனே. பதினாறு வயதுப் பையனும் அறுபது வயதுக் கிழவியும் என்ன சாப்பிடுவது என்பதைப் பற்றி அந்த ஷரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் பயாப்ரா யுத்தம் காட்டிற்று. நைஜீரியாவின் கிழக்குப் பிரதேசம் 1967 மே மாதத்தில் பயாப்ரா என்ற பெயரில் தனி நாடாகத் தன்னைப் பிரகடனம் செய்துகொண்டது. ஜூலையில் யுத்தம் மூண்டது. 1968 மே மாதத்தில் போர்ட் ஹார்க்கோர்ட் துறைமுகம் லாகோஸ் சர்க்காரின் வசமானதும் கடல்வழி அடைபட்டது. வயிறு ஊதி, தலைமயிர் செம்பட்டையாகிச் சாகும் குழந்தைகளின் படங்கள் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தன. ஊலி என்ற இடத்தில் ஒரு நெடுஞ்சாலையையே விமானத்தளமாக்கி, சாவோ தோமே தீவிலிருந்து கிறிஸ்துவ சபைகளும், பெர்னாண்டோ போ தீவிலிருந்து செஞ்சிலுவைச் சங்கமும் இரவோடிரவாகப் பால்மாவும் உலர்ந்த மீனும் கொண்டுவந்து இறக்கின.

ஏன் இரவில்? இங்கேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. உணவு விமானங்கள் பறந்த அதே இருட்டில் ஆயுத விமானங்களும் ஊலியில் இறங்கின. ஆகையால், பகலில் வாருங்கள், எங்கள் மேற்பார்வைக்கு உட்படுங்கள், பிறகு போகலாம் என்றார் லாகோஸ் தலைவர் கோவன். 23-ஆம் ஷரத்தைப் படித்தவர் எவரும் அதைத் தவறென்று சொல்ல முடியாது. பகலில் தளத்தைத் திறந்தால் உணவு விமானத்தின் பின்னால் குண்டு விமானம் வரும் என்றார் பயாப்ராவின் தலைவர் ஒஜுக்வு. அதையும் வெறும் வீண்பயம் என்று தள்ள முடியாது. 1969 ஜூன் 5-ல் செஞ்சிலுவை விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது; சங்கம் தன் விமானங்களை நிறுத்திற்று. செப்டம்பரில் பகல் விமானங்களுக்கு லாகோஸ் சம்மதித்து ஒப்பந்தம் செய்தது, பயாப்ரா மறுத்துவிட்டது. இரு தரப்பு வாதங்களும் கோர்ட்டில் நிற்கக் கூடியவையே. 1970 ஜனவரியில் பயாப்ரா சரணடைவதற்குள் இறந்தவர்களின் தொகையைப் பற்றி மதிப்பீடுகள் பலவாறாக உள்ளன. மிகக் குறைந்த மதிப்பீடும் லட்சக்கணக்கிலேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. அது உள்நாட்டு யுத்தமாகையால் 23-ஆம் ஷரத்து நேராகச் செல்லவே செல்லாது. பொருந்தியது எல்லா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-ஆம் ஷரத்து ஒன்றே. அதன்படி செஞ்சிலுவைச் சங்கம் தன் சேவையை அளிக்க முன்வரலாம். முன்வரலாம், அவ்வளவுதான்!

1977 ஜூன் 8-ல் ஜெனிவாவில் ஏற்கப்பட்ட இரண்டு அநுபந்த ஒப்பந்தங்கள், பிரஜைகளைப் பட்டினி போடுவதை ஒரு யுத்த முறையாகக் கைக்கொள்ளலாகாது என்று முதன்முறையாகத் தெளிவாக விதித்தன. ஆனால் வெளியிலிருந்து வரும் உதவிக்குச் சம்பந்தப்பட்ட சர்க்காரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் தங்கிவிட்டது. அந்நிய ஆட்சியிலிருந்து புதிதாக விடுபட்ட தேசங்கள் பல அதை விடாப்பிடியாகக் கேட்டன. அந்தப் பயத்தை நாம் பரிகசிக்க மாட்டோம். கம்பெனியின் வியாபாரத்தைப் பின்தொடர்ந்து பட்டாளம் வந்த கதையை நாம் மறந்துவிடவில்லை. எனினும், பாரபட்சமில்லாத உதவியைத் தலையீடாகக் கருதலாகாது என்று முதல் அநுபந்தத்தின் 70-ஆம் ஷரத்தே கூறுகிறது. 1986-ல் நிகராகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றமும் அவ்வாறே கூறிற்று. காரணமின்றிச் சம்மதத்தை மறுக்கலாகாது என்பது நிபுணர்களின் அபிப்பிராயம். எது காரணம் என்று உரிய காலத்தில் தீர்ப்பளிக்கத்தான் எவருமில்லை. சிரியாவில் டமாஸ்கஸின் சம்மதமில்லாமலே நான்கு எல்லை வழிகளில் உதவி செல்லலாம் என்று பாதுகாப்புச் சபை 2014 ஜூலையில் தீர்மானித்தது. அந்த நான்கு 2020-ல் ஒன்றாகக் குறைந்தது. 2023 ஜூலையில் அதுவும் காலாவதியாயிற்று; அதை நீட்டிப்பதை ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தைப் பிரயோகித்துத் தடுத்தது.

நமது தேசத்தின் நிலை விசித்திரமானது. 1987 ஜூன் 3-ல் யாழ்ப்பாணத்துக்கு உணவு கொண்டுபோன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிற்று. மறுநாள் ஐந்து இந்திய விமானங்கள் சுமார் 25 டன் பண்டங்களை வானிலிருந்து போட்டன. கொழும்பின் சம்மதம் இல்லை, அது கண்டித்தது. (சண்டை விமானங்கள் காவலாகச் சென்றதைச் செஞ்சிலுவை முறை என்று நாம் வாதாட மாட்டோம்.) பசித்தவனுக்கு உணவளிக்கச் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அன்று டில்லி கருதிற்று. அதே டில்லி 1977 ஒப்பந்தங்கள் இரண்டிலும் இன்றுவரை சேரவில்லை. அன்று நியாயமாகத் தோன்றியதை விதியாக ஒப்புக்கொள்ள இவ்வளவு தயக்கம் ஏன்?

இந்தியா அவ்விரண்டிலும் சேர வேண்டும் என்பது நமது கோரிக்கை. சேரும்போதே ஒரு திருத்தத்தையும் முன்மொழியலாம்: உணவை மறுக்கும் சர்க்கார் இத்தனை நாட்களுக்குள் எழுத்து மூலமாகக் காரணம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். சிவில் வழக்கில் பிரதிவாதி குறித்த நாளில் பதில் தாக்கல் செய்யாவிட்டால் என்ன ஆகிறது என்பதை டில்லியிலுள்ள சட்ட நிபுணர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. உள்நாட்டு யுத்தத்தில் பட்டினி போடுவதையும் சர்வதேசக் கிரிமினல் கோர்ட்டு விசாரிக்கலாம் என்று ரோம் சட்டம் 2019 டிசம்பரில் திருத்தப்பட்டிருக்கிறது. அத்திருத்தத்தை ஏற்ற நாடுகள் சொற்பம். இந்தியா அந்தக் கோர்ட்டிலேயே சேரவில்லை.