குழந்தையின் துணியில் இரத்தக் கறையா?

பிறந்து நாலைந்து நாளே ஆன பெண் குழந்தை. துணி மாற்றும்போது ஒரு பொட்டு இரத்தம்! பெற்றவள் கலங்குவாள், பாட்டி குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவிடுவாள். சகோதரிகளே, பதறாதீர்கள். கர்ப்பத்தில் தாயின் ஹார்மோன் குழந்தைக்கும் போகிறது. பிறந்ததும் அது நின்றுபோவதால், சிசுவின் கருப்பை உட்சவ்வு சிறிது உதிருகிறது, அவ்வளவுதான். முதல் ஓரிரு வாரத்துக்குள் சில துளிகளோடு தானே நின்றுவிடும். பெருகினாலோ, தொப்புளிலும் மலத்திலும் இரத்தம் கண்டாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரி. வைட்டமின் கே குறைவாக இருக்கலாம்.

அதற்கப்புறம் எட்டு வயதுக்குள் கறை கண்டால், எவ்வளவு சொற்பமானாலும் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். "அதற்குள் பெரியவளாகி விட்டாளோ?" என்று வீட்டில் குசுகுசுப்பார்கள். மார்பு வளராமல், உயரம் திடீரென்று கூடாமல் இருந்தால் பெரும்பாலும் அதுவல்ல. கீரிப்பூச்சி அரிப்பில் நகம் பட்ட புண்ணாக இருக்கும், கிருமியாக இருக்கும், சைக்கிள் பாரில் விழுந்த அடியாகவும் இருக்கலாம். துர்நாற்றத்தோடு கசிந்தால், விளையாட்டாக உள்ளே திணித்துக்கொண்ட காகிதத் துணுக்கையோ பஞ்சையோ டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். கட்டி மிக அபூர்வம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் பரிசோதனைதான் வழி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் தாய்க்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும். அதைவிடப் பெரிய தடை, "டாக்டர் தொட்டால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோ?" என்ற பயம். வீண் பயம்! தாயின் மடியில் வைத்தே வெளிப்புறத்தைப் பார்ப்பார்கள். உள்ளே பார்த்தே ஆகவேண்டுமானால் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயினால்தான். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னைக்கு ரெயில் ஏறினால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி.

வீட்டில் மஞ்சள் தடவாதீர்கள், டெட்டால் ஊற்றாதீர்கள், பஞ்சை உள்ளே வைக்கவே கூடாது. அடிபட்டிருந்தால் சுத்தமான ஈரத் துணியை மேலாக அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் 108.

சொல்லக் கூசும் விஷயம் ஒன்றும் உண்டு. யாரேனும் குழந்தையிடம் தகாத முறையில் நடந்திருக்கலாம். மிரட்டாமல் கேளுங்கள், அது தானாகச் சொன்னால் நம்புங்கள். அப்படிச் சந்தேகமிருந்தால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். போலீசில் புகார் எழுதவில்லை என்று ஆஸ்பத்திரி சிகிச்சையை மறுக்க முடியாது. இரவானாலும் பகலானாலும் 1098-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.