எத்தனை பேர் விழுந்தது?

தெமோதரை ஸ்டேஷனில் இறங்குகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக ஓடுவார்கள். எல்லப் பக்கமிருந்து இறங்கி வரும் கோச்சி, ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைக்குப் போகும். கங்காணி ஒருவர் தலைப்பாகையைக் கழற்றி மறுபடி கட்டுவதைப் பார்த்துத்தான் எஞ்சினியர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கங்காணிக்கு அதற்காகச் சம்பளம் எதுவும் விழுந்திருக்காது.

அந்த ஸ்டேஷன் பெஞ்சில்தான் பெரியம்மாவைப் பார்த்தேன். மடியில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே இன்னொரு பை. அதற்குள் நாலாக மடித்த கடதாசிகள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதியின் 'பி' அட்டை, ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பி. பதுளையில் ஒரு காரியாலயத்துக்குப் போகிறார். எத்தனையாவது தடவை என்று கேட்டதற்கு விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"தோட்டத்துல ஒரு பேரு, ஐடென்டியில ஒரு பேரு. எந்தப் பேருக்குத் தம்பி காசு வரும்?"

தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்றால் இரண்டு. ஒன்று, நமக்கு வைத்த பெயர். மற்றது, தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் விழுகிற ஒரு நாள் வேலை. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால், எத்தனை நாள் வேலை என்று அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். காய்ச்சலில் படுத்தால் பேர் இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் பிந்திப் போனாலும் அன்றைக்குப் பேர் சந்தேகம்தான். முதுமைக்காலத்துக் காசும் இந்த இரண்டு பேர்களின் மேல்தான் நிற்கிறது. நாள் பேர் குறைந்தால் தொகை குறையும். சொந்தப் பேர் பிசகினால் தொகையே கைக்கு வராது.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது, 15ஆம் இலக்கச் சட்டம். அப்போதைய தொழில் அமைச்சர் டி.பி. இலங்கரத்ன, 1947 வேலைநிறுத்தத்தில் அரச உத்தியோகத்தை இழந்த எழுதுவினைஞர் சங்கத் தலைவர். 'அம்ப யஹலுவோ' நாவலை எழுதியவரும் அவரே. வேலை போனவனின் வீட்டு அடுப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் அமைச்சரானதால் வந்த சட்டம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற மலையகத்து மக்களுக்கு, வாக்குச்சீட்டு மறுபடி கிடைக்கும் முன்பே சேமலாபக் கணக்கு கிடைத்தது. குடிமகன் இல்லை என்றவனுக்கும் அங்கத்துவ இலக்கம் இருந்தது.

இன்றைய கணக்கு இது. தொழிலாளி சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம். அதற்கு மேல், 1980இன் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் கட்ட வேண்டியது 3 வீதம். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தை எடுத்துக்கொண்டால், ஒரு பேருக்குச் சேமலாபத்தில் சேர்வது 270 ரூபாய். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் இப்போது அறுபதைத் தொடுகிறவர்களின் கணக்கில் கிடப்பது 1350 ரூபாய்க் காலத்துப் பணம் அல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று பெரிதாகப் பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் 230 வரவுக்கும் உற்பத்திக்கும் விலைப்பங்குக்குமான கொடுப்பனவு. சேமலாபம் கழிக்கப்பட்டது ஐந்நூறுக்கு மட்டும். மேடையில் 730, கணக்கில் 500. அதற்கு முந்திய ஒப்பந்தத்தில் அந்த அடிப்படை 450.

இந்தச் சிறுசிறு சேமிப்பின் மேல்தான் 2022 வந்து விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். சேமலாப நிதி அந்த ஆண்டுக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று பாராளுமன்றம் கூடியபோது, நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளும் அதற்குள் போயின. கடன் வாங்கியவர் யார், அதை அடைத்தவர் யார் என்று லயத்தில் ஒருவருக்கும் யாரும் விளக்கவில்லை. மாவின் விலை ஏறியது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சேவைக்காலப் பணம் வேறு. அது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் பூர்த்தியான நாட்சம்பளத் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். இது மட்டும்தான் பணவீக்கம் தின்னாமல் விட்ட பங்கு. 1350 ரூபாய்ச் சம்பளத்தில் பேர் வெட்டிக்கொண்டு, அதாவது வேலையை விட்டு, போகிற ஒருவருக்கு 36 வருடச் சேவை இருந்தால், 680,400 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபின் அரசின் கையில் எஞ்சிய தோட்டங்களிலேயே சேமலாபமும் சேவைக்காலப் பணமும் வருடக்கணக்கில் நிலுவையாகக் கிடந்தது பாராளுமன்றத்தில் பல முறை பேசப்பட்ட சங்கதி. சட்டத்தைப் போட்டவரே கட்டாதபோது கம்பனித் துரையை யார் கேட்பது?

பேருக்கு வருவோம். மாரியாயி என்று பிறந்த பிள்ளை, செக்ரோல் எழுதின கணக்கப்பிள்ளையின் கையில் மாரியம்மா ஆகும். பழைய அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டும். அதை எழுதியவருக்குக் காதில் விழுந்தது மாரியாய். அப்பாவின் பெயர் முதலெழுத்தாகப் போன இடம் ஒன்று, முழுப் பெயராகவே போன இடம் ஒன்று, கலியாணத்துக்குப் பின் புருஷன் பெயர் ஏறிய இடம் இன்னொன்று. வேலை செய்கிற நாற்பது வருடமும் இது யாருக்கும் உறுத்தாது. பெரட்டில் கூப்பிட்டால் ஆள் போய் நிற்கிறாள், கொழுந்து நிறுக்கிறாள், அவ்வளவுதான். பணத்துக்கு 'கே' படிவம் நிரப்பும் நாளில் மட்டும் மூன்று பெண்கள் ஒருத்தியாக வேண்டும். கிராம உத்தியோகத்தர் கடிதம், சமாதான நீதவான் (ஜே.பி.) முன் சத்தியக் கடதாசி, தோட்டக் காரியாலயத்துச் சேவைக் கடிதம். லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது. பதில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யாராவது கொண்டுபோய்க் கொடுக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

வயதிலும் ஒரு சிக்கல். சேமலாபத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். 2021இன் 28ஆம் இலக்கச் சட்டமோ ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. கடன் கழுத்தை நெரிக்கும் பெண்கள் ஐம்பதிலேயே பேர் வெட்டிக்கொண்டு பணத்தை எடுத்துவிடுகிறார்கள். தோட்டத்தில் இதைப் 'பென்சன் எடுத்தாச்சு' என்பார்கள். மாதாமாதம் வருவதுதான் பென்சன் என்று அகராதி சொல்லும். இங்கே அது ஒரே தடவை வந்து, நகையை மீட்டு, மகளுக்குச் சீர் செய்து, நுண்கடன்காரனுக்குக் கட்டி, ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும் தொகை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, இந்தியாவுக்குப் போகிறவர் தன் சேமலாபத்தையும் சேவைக்காலப் பணத்தையும் கொண்டுபோகலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அவர்களை ஏற்றிப்போன ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களின் இடுப்பு முடிச்சில் இருந்தது அந்தப் பணம்தான். போனவர்களில் ஒரு பகுதி நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தது. அங்கே 1995இன் ஓய்வூதியத் திட்டத்தில் ஆகக் குறைந்தது மாதம் ஆயிரம் இந்திய ரூபாய். பெரிய காசு இல்லை, ஆனால் மாதாமாதம் வரும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை. 2024 இறுதியிலிருந்து எழுபது தாண்டிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் காப்பீடு. கோச்சி ஏறாமல் நின்றவர்களின் நாட்டில், விவசாயிக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டம் வந்தது. கொழுந்து எடுப்பவருக்கு வரவில்லை. சேமலாபம் இருக்கிறதே என்பது பதில்.

மருத்துவக் காப்பீடு என்று ஒன்றும் இங்கே தொழிலாளிக்கு இல்லை. அரச உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' இருக்கிறது. மற்றவருக்கு ஆஸ்பத்திரி இலவசம், காப்பீடு எதற்கு என்பார்கள். நியாயம்தான். பதுளை பெரியாஸ்பத்திரியில் படுக்கைக்கும் ஒப்பரேஷனுக்கும் காசு கேட்பதில்லை, இந்த நாட்டின் பெருமைகளில் அது ஒன்று. காசு போவது வேறு வழியில். மலையிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க ஆட்டோ. விடியற்காலையில் கிளினிக் இலக்கம் எடுக்க வேண்டும், கூட்டிப்போகிற மகளுக்கு அன்றைய பேர் போய்விடும். 2022க்குப் பின், இல்லாத மருந்தைத் துண்டில் எழுதி வெளியில் வாங்கச் சொல்வதும் பழகிவிட்டது. அவசரம் என்றால் இன்னும் சில தோட்டங்களில் கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நம்பிக்கை நிதியில் இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்ணுக்குள் வில்லை வைப்பதற்கும் உதவி உண்டு, ஆனால் சேவையில் இருக்கும் அங்கத்தவருக்கு. கண்ணில் பூ விழுவது பெரும்பாலும் பேர் வெட்டிய பிறகு. சேமலாபத்திலிருந்து மருத்துவத்துக்கு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கலாம் என்று 2012இல் ஒரு திருத்தம் வந்தது. அதற்குக் கணக்கில் மூன்று லட்சமாவது இருக்க வேண்டும், பத்து வருடச் சேவையும் வேண்டும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது கிளினிக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரஷருக்கும் சீனிக்கும் மாதமொரு திகதி, அதற்கெதிரே யாரோ ஒரு டாக்டரின் கிறுக்கல்.

அறுபதில் பேர் வெட்டுப்படுகிறது. வசதியில்லாத முதியோருக்கு அரசு கொடுக்கும் கொடுப்பனவு, இப்போது மாதம் 5000 ரூபாய், எழுபது வயதுக்கு மேல்தான். இடையில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்துக்குத் தோட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது: கைக்காசு. ஞாயிற்றுக்கிழமையிலும் கொழுந்து முற்றிக் கிடக்கும் நாட்களிலும் கிலோ கணக்கில் எடுத்து, கிலோ கணக்கில் காசு வாங்குவது. செக்ரோலில் பேர் விழாது. பேர் இல்லாததால் சேமலாபம் இல்லை, சேவைக்காலம் இல்லை. அதே மலை, அதே செடி, அதே கூடைக்கயிறு நெற்றியில். லயத்து அறையும் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருத்தராவது மலைக்குப் போனால்தான் கேள்வி வராது என்ற பயம் வேறு.

பின்னேரக் கோச்சியில் பெரியம்மா திரும்பி வந்தார். நான் ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வளைவுக்குப் போன பிள்ளைகளும் திரும்பியிருந்தார்கள்.

"என்னாச்சு பெரியம்மா?"

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு சத்தியக் கடதாசி வேணுமாம். ஜே.பி. ஐயா கிட்ட போகணும். அவரு ஞாயித்துக்கிழமதான் வீட்ல இருப்பாரு."

"அப்போ ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிடலாமே."

பையை மடித்து, அதை இன்னொரு பைக்குள் வைத்து, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

"ஞாயித்துக்கிழம எப்படித் தம்பி? அன்னைக்குத்தானே கைக்காசு."