உங்கள் மில் மென்பொருளுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

திண்டுக்கல் மாவட்டத்தில் எரியோட்டிலிருந்து வேடசந்தூர் வரை எந்தப் பக்கம் போனாலும் ஒரு நூற்பாலை கண்ணில் படும். இன்று சின்ன மில்லில்கூட வருகைப்பதிவு, சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., நூல் ஸ்டாக் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அந்த மென்பொருளைத் திண்டுக்கல்லிலோ கோவையிலோ நாலைந்து பேர் உள்ள ஓர் அலுவலகம் எழுதிக் கொடுத்திருக்கும். ஆனால் அதில் அவர்கள் கைப்பட எழுதிய வரிகள் கொஞ்சம்தான். பி.டி.எஃப். தயாரிக்க ஒன்று, பாஸ்வேர்டு சரிபார்க்க ஒன்று என்று மீதி எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாட்யூல்கள். ஒன்றைக் கூப்பிட்டால் அது தன் பங்குக்கு இன்னும் பத்தை அழைத்து வரும். உலகமே இப்படித்தான் மென்பொருள் எழுதுகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என்னென்ன உள்ளே வந்தன என்று எழுதியவருக்கும் தெரியாது, வாங்கியவரும் கேட்கவில்லை என்பதுதான் ஆபத்து.

சின்ன அலுவலகங்களில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ குழுமத்தின் மேனேஜ்இன்ஜின் மென்பொருள்கள் உலகம் முழுக்க அலுவலகங்களில் ஓடுகின்றன. 2022-இல் அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. ஒற்றை உள்நுழைவு வசதி இயங்கும் இடங்களில், பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் ஒருவர் சர்வரில் தன் கட்டளையை ஓட்டிவிட முடியும். காரணம், மின் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சேர்த்திருந்த அப்பாச்சி சாண்டுவாரியோ என்ற வெளியார் மாட்யூல். அது பத்து வருடத்துக்கும் மேல் பழைய பதிப்பு. நிறுவனம் இதை மறைக்கவில்லை. பழைய மாட்யூலே காரணம் என்று அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் முதலே திருத்தங்களை வெளியிட்டது. ஆனால் திருத்தம் வெளியாவது வேறு, அதை அவரவர் கம்ப்யூட்டரில் போடுவது வேறு. 2023 ஜனவரியிலிருந்து இதே ஓட்டை வழியாக விமானத் துறை நிறுவனம் ஒன்றுக்குள் ஊடுருவல் நடந்ததாக அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு அமைப்புகள் அறிவித்தன. நம்மூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'அப்டேட்' என்று வரும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழைய சரக்கு ஒரு வகை ஆபத்து என்றால், போலிச் சரக்கு இன்னொரு வகை. கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்களிடையே போல்ட் என்ற தரவுத்தள மாட்யூல் பிரபலம். அதன் முகவரி 'போல்ட்டிபி/போல்ட்'. 2021-இல் யாரோ 'போல்ட்டிபி-கோ/போல்ட்' என்ற பெயரில், வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஒன்றை வெளியிட்டார்கள். கோ மொழியின் பொதுச் சேமிப்பகம் ஒரு பதிப்பை ஒருமுறை வாங்கி வைத்துவிட்டால் பிறகு மாற்றாது. அது பிரதி எடுத்துக்கொண்ட பின், போட்டவர் மூலத்தில் இருந்ததை நல்ல நிரலாக மாற்றிவிட்டார். மூலத்தைத் திறந்து படித்தவர்களுக்குச் சந்தேகமே வராது; கட்டளை கொடுத்து இறக்கியவர்களுக்கோ பின்கதவோடுதான் வந்தது. 2025 பிப்ரவரியில்தான் இது அம்பலமானது.

என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் சேமிப்பகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு வம்பு. அங்கே மாட்யூலை நிறுவும் நொடியிலேயே அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் தானாக ஓடலாம். 2025 செப்டம்பரில் பரவிய 'ஷாய்-ஹுலுட்' புழு, மாட்யூல் எழுதுகிறவர்களின் ரகசியச் சாவிகளைத் திருடி, அந்தச் சாவியாலேயே அவர்களுடைய மற்ற மாட்யூல்களுக்குள்ளும் புகுந்தது.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்குத்தான் முதல் வேலை. மில்லில் பஞ்சு பேல் வந்தால் லாட் நம்பர் பார்க்காமல் மிக்ஸிங்குக்கு அனுப்ப மாட்டார்கள். மாட்யூலுக்கும் அதே கவனம் வேண்டும். கோ மொழியில் 'கோ.மாட்' கோப்பு என்ன வாங்கினோம், எந்தப் பதிப்பு என்று சொல்கிறது, 'கோ.சம்' ஒவ்வொன்றின் கைரேகையை வைத்திருக்கிறது. இறக்கிய நிரலின் கைரேகை ஒத்துவராவிட்டால் கருவி 'செக்யூரிட்டி எரர்' என்று நின்றுவிடும். அவசரத்தில் பலர் செய்வது என்ன? 'கோ.சம்'மை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவது, இல்லையென்றால் 'கோசம்டிபி=ஆஃப்' என்று பொதுப் பதிவேட்டோடு ஒப்பிடும் சோதனையை அணைத்துவிடுவது. டெலிவரி தேதி நெருக்கும்போது நாலு பேர் இருக்கும் ஆபீஸில் இது சாதாரணம். சோதனை எந்த நேரத்துக்காக இருக்கிறதோ அந்த நேரத்தில்தான் அதை அணைக்கிறோம். இரண்டு கோப்புகளையும் நிரலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். 'கோவல்ன்செக்' ஓட்டினால், தெரிந்த ஓட்டை எதையாவது உங்கள் நிரல் உண்மையில் தொடுகிறதா என்று சொல்லும். என்பிஎம்மில் 'இன்ஸ்டால்' கட்டளைக்குப் பதில் 'சிஐ' கொடுத்தால் பதிப்புகளைப் பதிந்து வைத்திருக்கும் பூட்டுக் கோப்பில் உள்ள பதிப்பு மட்டுமே வரும்.

அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் மாட்யூல்களை 'கோபிரைவேட்' அமைப்பில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் கருவி அந்தப் பெயரைப் பொதுச் சர்வரிடம் போய் விசாரிக்கும், உள்வீட்டுப் பெயர் வெளியே போய்விடும். பைத்தான், என்பிஎம் உலகில் இதன் விளைவு இன்னும் மோசம்: அதே பெயரில் பொதுவில் ஒன்று இருந்தால் கருவி அதையே இறக்கிவிடலாம். அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், பெரிய நிறுவனங்களின் உள் மாட்யூல் பெயர்களையே பொதுச் சேமிப்பகத்தில் பதிந்து பார்த்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவருடைய நிரல் ஓடியதை 2021 பிப்ரவரியில் வெளியிட்டார்.

இனி வாங்குகிறவர். நாம் பேரம் பேசுவது பெரும்பாலும் விலையைப் பற்றி மட்டும்தான். உள்ளே இருக்கும் மாட்யூல்களின் பட்டியலைக் கேட்கலாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டை தெரிந்தால் இத்தனை நாளில் திருத்தித் தர வேண்டும், நஷ்டம் வந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இலவச மாட்யூல் எழுதியவர் 'உள்ளபடியே தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை' என்று உரிமத்திலேயே சொல்லிவிடுகிறார். அவரிடம் போய் நிற்க முடியாது. பணம் வாங்கி விற்றவரிடம்தான் கேட்க முடியும். வணிகத்துக்காக வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையம் பொதுவாகக் கை கொடுக்காது என்பதால் மில்லுக்கு ஒப்பந்தம்தான் பலம். சுயதொழிலால் பிழைக்கும் சின்னக் கடைக்காரருக்கு 2019 நுகர்வோர் சட்டம் விலக்கு தருகிறது. அவர் ஆணையத்துக்குப் போகலாம்.

தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அவருடைய ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கசிந்தால், மென்பொருள்காரர் மேல் கை காட்டிவிட்டு மில் ஒதுங்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை மில் மீதே வைக்கிறது. கசிவைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

ஊடுருவல் நடந்துவிட்டது என்று தெரிந்தால் கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள், தடயம் போய்விடும். நெட் கேபிளைக் கழற்றுங்கள். நிறுவனங்கள் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. அதன் இலவச எண் 1800-11-4949. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதல் அழைப்பு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு. ஊடுருவியவரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரும் மனுவை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு அலுவலராக இருக்கும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் கொடுக்கலாம்.