சிறுமூளையின் நெசவு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில், நெய்யாற்றின்கரையை அடைவதற்குச் சற்று முன்னர்ப் பாலராமபுரம் என்னும் ஊர் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில், அரண்மனைக்கு நுண்ணிய ஆடை நெய்வதற்காகத் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பெற்ற சாலியர் குடும்பங்கள் அங்கே குடியமர்ந்தன. அவர்கள் கொண்டுவந்த குழித்தறி இன்றும் அவ்வூரின் பெயரைக் காத்து நிற்கிறது. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்று, கைத்தொழிலால் அங்கே வேரூன்றிய நம்மவர் பலருக்கு இச்சாலியர்கள் முன்னோடிகள் எனலாம்.

அத்தறியில் அமர்ந்த ஒருவரைக் கூர்ந்து நோக்குங்கள். வலக்கை எறியும் நாடாவை இடக்கை ஏந்துகிறது. மறுகணம் இடக்கை எறிய வலக்கை ஏந்துகிறது. குழிக்குள் இறங்கிய கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. அச்சு ஒருமுறை அடித்து ஊடையை நெருக்குகிறது. இவ்வளவும் நிகழும்போதே நெசவாளர் அண்டை வீட்டாருடன் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்! கை எப்போது எறிய வேண்டும், கால் எப்போது அழுத்த வேண்டும் என்று அவர் எண்ணுவதே இல்லை. தெற்கே பாறசாலையைக் கடந்து, களியக்காவிளைக்கு அப்பால் விளவங்கோட்டுப் பக்கம் சென்றால், காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு பனையின் உச்சிக்கு ஏறுகின்ற முதியவர் சிலரை இன்னும் காணலாம். அவர்களும் எண்ணி எண்ணி ஏறுவதில்லை. எண்ணத் தொடங்கினால் ஏற முடியாது.

எண்ணாமலே உடல் ஒழுங்காக இயங்குவதற்குத் துணைபுரியும் உறுப்புகளுள் தலையாயது சிறுமூளை. பிடரியில், பெருமூளையின் பின்பகுதிக்குக் கீழே அது அமைந்துள்ளது. எடையில் முழு மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8600 கோடி நரம்பணுக்களுள் 6900 கோடி இச்சிறிய உறுப்புக்குள்தான் அடங்கியுள்ளன. சிறுமூளை என்று பெயரிட்டவர் அளவை மட்டுமே கண்டார் போலும்.

இத்தனை கோடி அணுக்களும் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கவில்லை என்பதே வியப்பு. எலியானாலும் பசுவானாலும் மனிதனானாலும், பாலூட்டிகள் அனைத்தின் சிறுமூளையிலும் இழைகள் ஒரே திட்டப்படி ஓடுகின்றன. அத்திட்டத்தை விளக்குவதற்குத் தறியைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை.

சிறுமூளையின் மேற்பரப்பு, கொசுவி மடித்த சேலையைப் போன்று மெல்லிய மடிப்புகளால் ஆனது. மடிப்புகள் பெரும்பாலும் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. ஒவ்வொரு மடிப்பின் புறணியும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்புடையது. அதற்குள் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் இருப்பது குருணை அடுக்கு. நொய்யரிசியைக் கொட்டிப் பரப்பியதுபோல் மிகச் சிறிய அணுக்கள் அங்கே செறிந்திருக்கின்றன. மேலே சொன்ன கோடிகளில் பெரும்பகுதி இவையே. நடுவில், ஒற்றை வரிசையாகப் புர்க்கின்யே அணுக்கள். செக் நாட்டு அறிஞர் யான் புர்க்கின்யே 1837ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தமையால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவற்றின் கிளைகள் பரவுகின்ற மேலடுக்கில் அணுக்கள் குறைவு, இழைகள் மிகுதி. நெசவு நடைபெறுவது இம்மேலடுக்கில்தான்.

உடலிலிருந்தும் பெருமூளையிலிருந்தும் வரும் செய்திகளைச் சுமந்துகொண்டு பாசியிழைகள் எனப்படும் நரம்பிழைகள் குருணை அடுக்குக்குள் நுழைகின்றன. நுனிகள் பாசி படர்ந்தாற்போல் தோன்றுவதால் இப்பெயர். கால் எங்கே ஊன்றியுள்ளது, தசை எவ்வளவு இழுபட்டுள்ளது, பெருமூளை இப்போது எதைச் செய்யக் கருதுகிறது என்பன போன்ற செய்திகள் இவற்றின் வழியே வருகின்றன. ஒவ்வொரு குருணையணுவும் நான்கைந்து குறுங்கைகளை நீட்டி, வெவ்வேறு பாசியிழைகளிலிருந்து செய்தியைப் பெறுகிறது. பின்னர் அது தன் இழையை நேர்மேலே அனுப்புகிறது. மேலடுக்கை அடைந்ததும் அவ்விழை இரண்டாகப் பிரிந்து, மடிப்பின் நீளவாக்கில் இடப்புறமும் வலப்புறமும் சில மில்லிமீட்டர் தொலைவு நேராக ஓடுகிறது. கோடிக்கணக்கான இழைகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் இவற்றை இணையிழைகள் என்பர். சாலியர் தெருவில் நீட்டிக் கட்டிய பாவைக் கண்டவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

பாவுக்கு அச்சு வேண்டுமல்லவா? அந்த இடத்தில் நிற்பவை புர்க்கின்யே அணுக்கள். ஒவ்வோர் அணுவும் மேல்நோக்கி மரம்போல் கிளைக்கிறது. ஆனால் அந்த மரம் எல்லாத் திசையிலும் பரவுவதில்லை. பனையோலை விசிறியைப் போலத் தட்டையாக, ஒரே தளத்தில் விரிகிறது. அத்தளம் இணையிழைகளின் போக்குக்குச் செங்குத்தாக அமைந்துள்ளது. தறியின் அச்சுப் பற்களுக்கிடையே பாவு நூல்கள் நுழைந்து செல்வதுபோல, வரிசையாக நிற்கும் இவ்விசிறிகளின் கிளைகளுக்கிடையே இணையிழைகள் நுழைந்து செல்கின்றன. ஓர் இணையிழை தன் வழியில் சில நூறு புர்க்கின்யே அணுக்களைக் கடந்து போகிறது. ஒரு புர்க்கின்யே அணுவோ, இலட்சத்துக்கும் மேற்பட்ட இணையிழைகளோடு தொடர்பு கொள்கிறது. மூளையில் வேறெந்த நரம்பணுவும் இத்தனை தொடர்புகளைத் தாங்குவதில்லை. இத்தொடர்புகளுள் பெரும்பாலானவை வாய்மூடிக் கிடக்கின்றன என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எது பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்பதைப் பயிற்சி முடிவு செய்கிறது போலும்.

இவ்வமைப்பை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் ஸ்பெயின் நாட்டு இராமோன் இ காஹால். இத்தாலியரான கொல்ஜி 1873இல் கண்டறிந்த வெள்ளிச்சாய முறையைக் கொண்டு, பறவைகளின் சிறுமூளையை அவர் 1888இல் ஆராய்ந்தார். நரம்பு மண்டலம் முழுவதும் பிரிவற்ற ஒரே வலை என்பது கொல்ஜியின் கொள்கை. தனித்தனி அணுக்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்பது காஹாலின் முடிவு. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மேடையில் நின்றபோதும் கொல்ஜி தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை!

பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது. புர்க்கின்யே அணுவுக்கு மற்றொரு வழியிலும் செய்தி வருகிறது. முகுளத்தில் ஒலிவத்திரள் என்று ஒரு நரம்புத்திரள் உண்டு. அங்கிருந்து புறப்படும் இழை, புர்க்கின்யே அணுவின் தண்டைப் பற்றி, மிளகுக்கொடி முருக்கமரத்தைச் சுற்றி ஏறுவதுபோல் கிளைகளின்மீது படர்ந்து ஏறுகிறது. இதற்குப் படரிழை என்று பெயர். இலட்சம் இணையிழைகள் சேர்ந்து சூழும் அணுவுக்குப் படரிழை பெரும்பாலும் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று நூற்றுக்கணக்கான இடங்களில் தொட்டு நிற்பதால், அது கூவினால் அணு முழுவதும் அதிர்கிறது. இணையிழைகளின் தூண்டுதலால் புர்க்கின்யே அணு நொடிக்குப் பத்துகளின் கணக்கில் துடிப்புகளை விடுக்கும். படரிழையின் பெருந்துடிப்போ நொடிக்கு ஒன்று என்ற அளவிலேயே வரும்.

பிறந்த எலிக்குட்டியில் ஓர் அணுவின்மீது பல படரிழைகள் ஏறப் போட்டியிடுகின்றன. சில வாரங்களில் ஒன்று வெல்ல, ஏனையவை உதிர்கின்றன. ஓரணுவுக்கு ஓரிழை என்பது மாறாத விதி என்றே நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. ஆனால் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, பல தண்டுகளாகப் பிரியும் புர்க்கின்யே அணுக்களுள் சில, வளர்ந்த எலியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட படரிழைகளை ஏற்கின்றன என்று காட்டியது. மனித மூளையில் அத்தகைய பல தண்டு அணுக்களே மிகுதி.

இத்தனை செய்திகளையும் கேட்ட புர்க்கின்யே அணு என்ன சொல்கிறது? 'நில்' என்கிறது! அதன் இழை சிறுமூளையின் ஆழத்திலுள்ள நரம்புத்திரள்களை அடைந்து அவற்றை அடக்குகிறது, தூண்டுவதில்லை. புறணியிலிருந்து வெளியேறும் ஒரே குரல் அடக்குகின்ற குரலாக இருப்பதை 1960களில் ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ மெய்ப்பித்தபோது பலர் திகைத்தனர். ஆனால் நெசவாளருக்கு இது புதிதன்று. பாவைப் பின்னாலிருந்து கயிறு இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நெசவு நடக்கிறது. வேண்டும்போது வேண்டிய அளவு தளர்த்துவதே திறமை. ஆழத்திரள்கள் இயல்பாகவே துடித்துக்கொண்டிருப்பவை. புர்க்கின்யே அணுக்கள் இறுக்கிப் பிடித்தும், உரிய கணத்தில் தளர்த்தியும், அசைவுக்கு அளவையும் காலத்தையும் தருகின்றன.

பயிற்சி எங்கே பதிகிறது என்ற வினாவுக்கு 1969இல் டேவிட் மாரும், 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸும் இந்நெசவைக் கொண்டே விடை கூறினர். கை தவறும்போது படரிழை கூவுகிறது. அந்நேரம் பேசிக்கொண்டிருந்த இணையிழைகளின் தொடர்பு மாறுகிறது என்பது அவர்கள் கருத்தின் சாரம். வலுக்கூடும் என்றார் மார்; குறையும் என்றார் ஆல்பஸ். குறைகிறது என்பதை 1982இல் இட்டோவின் குழுவினர் ஆய்வால் காட்டினர். ஆக, நாடாவைத் தவறவிட்ட சிறுவனின் சிறுமூளையில் தவற்றுக்குத் துணைநின்ற தொடர்புகள் தளர்கின்றன. கற்றல் முழுவதும் இவ்வொரு வழியில்தான் நடக்கிறது என்று இன்று எவரும் கூறுவதில்லை. வேறு இணைப்புகளும் மாறுகின்றன.

இனி ஊடை. படரிழைகளும் புர்க்கின்யே அணுக்களும், பாவுக்குக் குறுக்காக, முன்னிருந்து பின்னாகச் செல்லும் பட்டைகளாகப் பிரிந்துள்ளன. ஒரு பட்டைக்கு ஒலிவத்திரளின் ஒரு பகுதியிலிருந்து இழைகள் வருகின்றன; அப்பட்டை ஆழத்திரளின் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கே விடை அனுப்புகிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தால் பட்டைகள் கரைவேட்டியின் கோடுகள்போலத் தனித்தனியே தெரியும். பல பட்டைகளைக் கடந்து ஓடும் இணையிழைகள் தொலைவிலுள்ள செய்திகளையும் ஒருங்கே கொணர, பட்டைகளோ அவற்றைத் தத்தம் வேலைக்கேற்பப் பயன்படுத்திக் கொள்கின்றன. நடுப்பகுதி உடற்பகுதியையும் நடையையும் காக்கிறது. இருபுற அரைக்கோளங்கள் கைகளின் நுண்செயலையும், இன்று அறியப்படுகிறபடி பேச்சு, சிந்தனை ஆகியவற்றில் ஒரு பங்கையும் காக்கின்றன.

பெருமூளையின் வலப்பாதி இடவுடலை ஆள்கிறது என்பதை நாம் அறிவோம். சிறுமூளையில் வலப்பாதிக்கு வலவுடலே உரியது. அதன் இழைகள் ஒருமுறை குறுக்கே கடந்து எதிர்ப்புறப் பெருமூளையை அடைகின்றன. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மறுமுறை கடந்து உடலை அடைகின்றன. முதல் உலகப்போரில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்த மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் இதைத் தெளிவாகப் பதிவுசெய்தார். சிறுமூளையின் வலப்புறம் காயமுற்ற ஒருவர், இடக்கை தானே இயங்குகிறது என்றும், வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியிருக்கிறது என்றும் அவரிடம் கூறினாராம்.

இச்செய்திகள் அறிஞர்களுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணிவிடலாகாது. எல்லைப்புறச் சிற்றூர்களிலும், நம்மவர் வாழும் பிற ஊர்களிலும், கால்களை அகற்றி வைத்துத் தள்ளாடி, குழறிப் பேசி நடப்பவரைக் கண்டால் "குடித்திருக்கிறான்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் பலர். குடியும் சிறுமூளையின் செய்திப்போக்கைக் குலைப்பதால்தான் குடித்தவர் தள்ளாடுகிறார். ஆகவே தோற்றம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு துளியும் அருந்தாதவருக்கும் பரம்பரை நோயால் புர்க்கின்யே அணுக்கள் நாளடைவில் அழிந்து இந்நிலை வரலாம். அத்தகைய நோய்களுள் ஒருவகை சில தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். வலிப்புக்கு உட்கொள்ளும் சில மருந்துகள் அளவு மிஞ்சினாலும் தள்ளாட்டம் வரும். அளவைத் திருத்தினால் பெரும்பாலும் தணியும். இவர்களைக் குடிகாரர் என்று ஒதுக்குவது கொடுமை; நோயைக் கண்டறியும் வாய்ப்பையும் அது பறிக்கிறது.

நெடுங்காலக் குடியால் கெடுவது சிறுமூளையின் நடுப்பகுதியின் முன்புறம். கால்களுக்குரிய பட்டைகள் அங்கே இருப்பதால் நடை முதலில் தளர்கிறது; கைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தறியில் ஒழுங்காக அமர்ந்து கையால் வேலை செய்பவர், எழுந்து நடக்கும்போது தடுமாறுவது இதனாலேயே. குடியை நிறுத்திச் சத்துள்ள உணவும் தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் பெற்றால் பலருக்கு நிலைமை மேலும் கெடாமல் நிற்கும். சிலருக்கு நடை ஓரளவு திருந்துவதும் உண்டு.

திடீரென்று தலைசுற்றி, வாந்தியெடுத்து, நிற்க இயலாமல் ஒருபுறம் சாய்வாரேயானால், பித்தம் என்று மோர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ இருக்கலாம். பிடரிக்குழிக்குள் இடம் குறைவு. வீக்கம் உயிர்நாடியான முகுளத்தை நெருக்கிவிடும். அந்நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் விலையுடையது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியினருக்குத் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நரம்பு நோய்களுக்கென்றே சிறப்புப் பிரிவுகளைக் கொண்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும் அங்கேயே உள்ளது. தொலைவில் வாழும் நேயர்கள் தத்தம் நகரில் மூளைப்படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனை எது, இரவில் அங்கே செல்ல வழி என்ன என்பதை முன்கூட்டியே அறிந்து, வீட்டார் அனைவரும் காணும் இடத்தில் எழுதி ஒட்டிவைப்பது நன்று.