நண்பன் போனபின் கபிலர் என்ன செய்தார்? திருக்கோவிலூர் பாறையும் ஆங்கில இரங்கற்பாக்களும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில் வீரட்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் தென்பெண்ணைக் கரைப்பக்கம் ஒரு நடை போய்வரலாம். ஆற்றுக்குள் ஒரு பெரிய பாறை நிற்கிறது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு கோயில். ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘கபிலர் குன்று’ என்பார்கள்.

பறம்பு மலையை ஆண்ட வேள் பாரியின் நண்பர் கபிலர். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தாரே, அதே பாரிதான். மூவேந்தர்களின் பகையில் பாரி இறந்தபோது, அவருடைய பெண்கள் கபிலரின் பொறுப்பில் வந்தார்கள். அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு மன்னர்களின் வாசல்களில் போய் நின்றார் கபிலர். விச்சிக்கோன், இருங்கோவேள் என ஒவ்வொருவரிடமும் திருமணம் பேசினார், ஒன்றும் கைகூடவில்லை. அந்த அலைச்சலுக்குப் பிறகு அவர் உயிர்விட்ட இடம் இந்தப் பாறை என்பது நம்பிக்கை.

இறந்த நண்பனைப் பாடுவது ஆங்கில இலக்கியத்திலும் பெரிய மரபு. அங்கே ‘எலிஜி’ என்பார்கள். நம் இலக்கணம் ‘கையறுநிலை’ என்கிறது. செயலற்றுப் போன நிலை என்று அர்த்தம். பெயரிலேயே துக்கம் இருக்கிறது!

1637-ல் மில்டனின் கல்லூரித் தோழர் எட்வர்ட் கிங், கப்பல் விபத்தில் கடலில் மூழ்கி இறந்தார். மில்டன் எழுதிய ‘லிசிடஸ்’ கவிதையில் நண்பரும் ஆடு மேய்ப்பவர், கவிஞரும் ஆடு மேய்ப்பவர். கிரேக்க, லத்தீன் மரபிலிருந்து வந்த வேஷம் இது. ‘உண்மையான துக்கத்தில் இருப்பவனுக்குக் கற்பனைக்கு ஏது நேரம்?’ என்கிற தொனியில் விமர்சகர் சாமுவேல் ஜான்சன் பின்னாளில் கடிந்துகொண்டார். 1821-ல் கீட்ஸ் 25 வயதில் ரோமில் இறந்தபோது ஷெல்லி எழுதிய ‘அடோனைஸ்’ கவிதையும் இதே வழியில்தான் போகிறது. அடுத்த வருடமே ஷெல்லியும் கடலில் மூழ்கி இறந்தார். கரை ஒதுங்கிய உடலின் சட்டைப்பையில் கீட்ஸின் கவிதைப் புத்தகம் இருந்தது.

கபிலரிடம் இந்த வேஷமெல்லாம் இல்லை. பாரியைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். கள் நிறைந்த ஜாடிகளும் கறிச்சோறுமாக விருந்து ஓயாதிருந்த பறம்பு மலையிடம், ஒரு மனிதரிடம் பேசுவதுபோல விடைபெறுகிறார். அந்த மலையில் உழாமலே கிடைக்கும் பொருட்கள் என்று மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கையும் இன்னொரு பாட்டில் சொல்கிறார். கல்வராயன் மலைக்காரர்களுக்கு இந்தப் பட்டியலை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. கடைசியில் கபிலருக்குப் பாரி மேலேயே கோபம் வருகிறது. ‘என்னை உடன்வர விடாமல் நீ மட்டும் போய்விட்டாயே, இதுதான் நட்பா?’ என்கிற அர்த்தத்தில் சண்டை போடுகிறார். அடுத்த பிறவியிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறார். நெருங்கியவரைப் பறிகொடுத்த எந்த வீட்டிலும் இந்தக் கோபத்தைக் கேட்கலாம்.

கபிலருக்கு மிக அருகில் வருபவர் டென்னிசன். அவருடைய உயிர்நண்பர் ஆர்தர் ஹாலம் 1833-ல், 22 வயதில் வியன்னாவில் திடீரென இறந்தார். டென்னிசனின் தங்கை எமிலியை மணக்க நிச்சயிக்கப்பட்டிருந்தவர் அவர். டென்னிசன் 17 வருடங்கள் துண்டு துண்டாக எழுதிச் சேர்த்ததுதான் 1850-ல் வெளியான ‘இன் மெமோரியம்’. நான்கு நான்கு வரிகளாகப் போகும் கவிதை. முதல் வரி நான்காவதோடும், இரண்டாவது வரி மூன்றாவதோடும் இயைபு கொள்ளும். கிளம்பிய ஓசைக்கே திரும்பி வருகிற அமைப்பு. விட்டு விலக முடியாத துக்கத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கணவர் ஆல்பர்ட் இறந்தபோது விக்டோரியா மகாராணி ஆறுதல் தேடியதும் இந்தப் புத்தகத்தில்தான். இவ்வளவு நீண்ட அழுகை முடிவது எங்கே தெரியுமா? ஒரு கல்யாணத்தில்! டென்னிசனின் இன்னொரு தங்கை செசிலியாவின் திருமணம் அது.

அமெரிக்காவின் வால்ட் விட்மன் கதை வேறு மாதிரி. 1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். விட்மன் அவரோடு பழகியதில்லை, வாஷிங்டன் தெருக்களில் கடந்து போகும்போது பார்த்ததோடு சரி. ஆனாலும் இரண்டு புகழ்பெற்ற கவிதைகள் எழுதினார். எதுகை இயைபோடு எழுதிய ‘ஓ கேப்டன்! மை கேப்டன்!’ எல்லோருக்கும் தெரியும். 1989-ல் வந்த ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ படத்தில் மாணவர்கள் மேசைமேல் ஏறி நின்று சொல்வது அந்த வார்த்தைகளைத்தான். ஆனால், கவிதையாக உயர்ந்து நிற்பது இன்னொன்று. லிங்கன் இறந்த நேரத்தில் பூத்திருந்த லைலாக் பூக்களை வைத்து, யாப்புக்குள் அடங்காத நீளமான வரிகளில் எழுதியது. பாரி என்றால் நமக்கு முல்லை நினைவுக்கு வருகிறதே, அதுபோல விட்மனின் லிங்கனுக்கு லைலாக்.

கபிலர் கடைசியில் கல்யாணத்தை முடித்தாரா? இதில்தான் பழைய சான்றுகள் வேறுபடுகின்றன. புறநானூற்றுப் பாட்டின் அடிக்குறிப்பு, அவர் பெண்களைப் பார்ப்பனர்களிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. அதாவது, உண்ணாமல் இருந்து உயிர்விடுவது. வீரட்டேஸ்வரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி பிறந்த மலையமான் குலத்தைப் புகழும் கல்வெட்டு அது. பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே இந்தக் கல்லில் கபிலர் தீப்புகுந்தார் என்று அது சொல்கிறது.

எப்படிப் பார்த்தாலும், பெண்களுக்கு ஒரு வழி செய்த பிறகுதான் கபிலர் பாறைக்கு வந்திருக்கிறார்.