முடி பிடுங்கும் மெழுகும் நம் தோலும்

ஆண்களும் படிக்கலாம். மருந்தடிக்கிற ஆண்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முன்பு கை, கால், முகத்தில் முடி வளர்ந்தால் மஞ்சளை உரசிப் பூசிக் குளிப்பார்கள். மஞ்சள் பூசினால் முடி உதிர்ந்துவிடும் என்பதற்கு மருத்துவத்தில் உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனாலும் அதனால் பெரிய கேடு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. இப்போது காலம் மாறிவிட்டது. தம்பின் பக்கம் போய் வேக்சிங் செய்துகொண்டு வருகிறார்கள், அல்லது மெழுகை வாங்கி வந்து வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரமும் கல்யாண சீசனிலும் நம்மிடம் வருகிற கேஸ்களைப் பார்த்தாலே இது தெரியும். உதட்டுக்கு மேலே தோல் உரிந்து வருகிறார்கள், கணுக்காலில் கொப்புளத்தோடு வருகிறார்கள், அக்குளில் சீழ்க்கட்டியோடு வருகிறார்கள். செய்யாதீங்க என்று சொல்ல நான் எழுதவில்லை. பெண்பிள்ளை அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமில்லை. செய்வதைத் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பால் வெட்டியவர்களுக்கு வேக்சிங் ஒன்றும் புதுசில்லை. கையில் வழிந்த பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும், சுரீர் என்று வலிக்கும். வேக்சிங்கும் அதே சங்கதிதான். மெழுகு முடியைப் பிடித்துக்கொள்கிறது, இழுக்கும்போது வேரோடு வருகிறது. ஆனால் முடி மட்டும் வருவதில்லை. மேல்தோலின் ஒரு மெல்லிய ஏடும் கூடவே உரிந்து வந்துவிடுகிறது. முடி இருந்த குழிகளும் கொஞ்ச நேரத்துக்குத் திறந்தே கிடக்கும். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் மற்ற தொல்லைகள் ஏன் வருகின்றன என்பது தானாகவே புரியும்.

நம் தோட்டத்துக்கு மிகவும் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல தோல் ஒரு வேலி மாதிரி. மருந்து தோலில் பட்டாலும் பெரும்பகுதியை அது உள்ளே விடாது. வேக்சிங் செய்த தோலில் அந்த வேலி ஒரு சுற்றுப் பிய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கைக்கும் காலுக்கும் வேக்சிங் செய்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கப் போனால், அந்த மருந்து வழக்கத்தைவிட அதிகமாக உடம்புக்குள் இறங்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி காயம்பட்ட தோல் வழியாக உள்ளே போய் ஆளைக் கொன்றதாக மருத்துவ ஏடுகளிலேயே பதிவுகள் உண்டு. நம் நாட்டில் 2002-ல் அதற்குத் தடை அறிவித்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. அந்த 2002-ஆம் ஆண்டில்தான் மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து தெனகானித்தா ஓர் அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் போய்விட்டது என்று மற்ற மருந்துகளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. உரம் போடுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். உரிந்த தோலில் உரமும் வியர்வையும் சேர்ந்தால் நெருப்பு மாதிரி எரியும்.

ஆகையால் மருந்தடிக்கிறவர்கள் குறைந்தது இரண்டு மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வரும்போது மட்டும் வேக்சிங் செய்துகொள்ளுங்கள். சிவப்பும் எரிச்சலும் அடங்காமல் பம்பைத் தொடாதீர்கள். தோல் உரிந்திருந்தால் வெட்கப்படாமல் மண்டோரிடம் “தோல் புண்ணா இருக்கு, இன்னிக்கு வேற வேலை குடுங்க” என்று கேளுங்கள். எதனால் புண் வந்தது என்று அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. புண்ணோடு மருந்தடிக்கக் கூடாது என்பது யாருக்கும் பொதுவான விதி.

அடுத்தது முகம் வெளுக்கும் கிரீம். இரவுச் சந்தையிலும் போன் வழியாகவும் பத்து, இருபது வெள்ளிக்கு விற்கிறார்கள். பெட்டியில் மூலிகை என்று போட்டிருக்கும். உள்ளே டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், பாதரசம், ஸ்டீராய்டு என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். இவை கலந்த கிரீம்களை நம் அரசாங்கத்தின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பல தடவை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. இதில் டிரெட்டினாயினும் ஸ்டீராய்டும் மேல்தோலை இளக்கி மெல்லியதாக்கிவிடும். அப்படிப்பட்ட முகத்தில் மெழுகு வைத்து இழுத்தால் ஒரு மெல்லிய ஏடோடு நிற்காது, தோல் அப்படியே கழன்று வரும். உதட்டுக்கு மேலே உரிந்துபோய் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, “என்ன கிரீம் போடுறீங்கம்மா?” என்பதுதான். பலர் முதலில் இல்லை என்பார்கள். பிறகு கைப்பையிலிருந்து டப்பா வெளியே வரும். முகப்பருவுக்கு டாக்டர் எழுதித் தருகிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வேக்சிங் பக்கம் போகவே கூடாது.

சூட்டுக்காயம் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சீனியும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பாகு காய்ச்சுகிற முறை இருக்கிறதே, அதில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாகு பதத்துக்கு வரும்போது அதன் சூடு 115, 120 டிகிரிக்குப் போயிருக்கும். தண்ணீர் கொட்டினால் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். மேலே ஏடு கட்டி ஆறின மாதிரி தெரியும், அடியில் கொதி இருக்கும். முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் அடுப்பருகில் இருக்கவே கூடாது.

சுட்டுவிட்டால் உடனே இழுத்துப் பிய்க்காதீர்கள், தோலும் வந்துவிடும். குழாயைத் திறந்து, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக இருபது நிமிடம். பற்பசை, கிச்சாப், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். சீனிப்பாகு தண்ணீரிலேயே கரைந்துவிடும். மெழுகு ஒட்டியிருந்தால், சூடு தணிந்த பிறகு வேஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவி ஊறவிட்டால் தானே இளகி வரும். தோல் உரிந்த இடத்தில் ஒட்டியிருக்கும் மெழுகை எங்களிடம் விட்டுவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்திலோ மர்ம உறுப்பின் பக்கத்திலோ சுட்டிருந்தால், அல்லது கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரியதாக இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சிலருக்குச் சூடும் இல்லை, கிரீமும் இல்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து மெழுகு பட்ட இடமெல்லாம் தடித்து, அரித்து, நீர் வடியும். இது ஒவ்வாமை. கடைகளில் விற்கும் பல மெழுகுகளில் பைன் மரத்துப் பிசின் கலந்திருக்கிறது, அதுதான் பலருக்கு ஆகாது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் போட்டால் அரிக்கிறது என்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சில பிளாஸ்டர் பசைகளிலும் இதே பிசின் உண்டு. முதல் தடவை முன்கையில் ஒரு வெள்ளிக் காசு அளவுக்குச் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

அதிகமாக வருவது பரு மாதிரிச் சின்னச் சின்னக் கொப்புளம்தான். திறந்திருக்கும் முடிக்குழிக்குள் கிருமி புகுவதால் வருகிறது. ஒரே குச்சியை ஒருவர் அக்குளில் தொட்டு, மறுபடி மெழுகுச் சட்டியில் விட்டு, அடுத்தவர் காலில் தடவினால் கிருமியும் கூடவே பயணம் போகும். அழகு நிலையத்தில் புதுக் குச்சி எடுக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள். வீட்டில் செய்வதானால் முடி கால் அங்குலமாவது இருக்க வேண்டும். முடி சாய்ந்திருக்கும் பக்கமாகத் தடவி, தோலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்து, எதிர்ப்பக்கமாகத் தோலை ஒட்டியே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் முடி பாதியில் அறுந்து, பிறகு தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அன்றைக்குச் சுடுநீர்க் குளியல், சென்ட், இறுக்கமான ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். பருத்திச் சேலையோ கைலியோ போதும்.

கொப்புளம் வந்துவிட்டால் கிள்ளாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை ஒத்தடம் கொடுங்கள். சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாப் போயிடும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அரிப்புக் கிரீமைப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. போன தடவை மிச்சம் வைத்த மாத்திரையும் வேண்டாம். சிவப்பு பரவினால், சீழ் திரண்டால், காய்ச்சலோ நெறிகட்டலோ இருந்தால் அன்றைக்கே வாருங்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் வந்த கட்டியை ஒருநாளும் அமுக்கக் கூடாது.

கொப்புளம் ஆறிய பிறகும் நம் நிறத்தோலில் கரும்புள்ளி பல மாதம் நிற்கும். வெயிலில் காட்டாமல் மூடி வைத்தால் மெல்ல மங்கும். அதைப் போக்க மறுபடி அந்த வெளுக்கும் கிரீமை வாங்கினால் வட்டம் திரும்ப ஆரம்பிக்கும்.

சர்க்கரை வியாதிக்காரர்களே, 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் ஏறக்குறைய 18 பேருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்த ஓர் இளம்பெண் மர்ம உறுப்புப் பகுதியில் வேக்சிங் செய்துகொண்ட பிறகு கிருமி பரவி உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனார். டாக்டர்கள் அதை 2007-ல் மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் வேக்சிங்கே வேண்டாம். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. முடியை ஒட்டக் கத்தரித்துக்கொள்வது போதும், அதில் தோலுக்கு ஒரு சேதமும் இல்லை.

தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. வயசுப் பெண்ணுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் திடீரென்று முரட்டு முடி வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வந்தால், மெழுகு வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்கிறார்களே, அந்தக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மெழுகு முடியைத்தான் எடுக்கும், காரணத்தை எடுக்காது.

ஆம்பளை டிரசரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் பொறுத்திருந்து, கட்டி பழுத்த பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் “மிஸ்ஸி பார்க்கட்டும்” என்று மட்டும் சொல்லுங்கள், நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன். தோட்டத்தில் மிஸ்ஸி இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். போகும்போது பூசிய கிரீம் டப்பாவையும் மெழுகுப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.